செக்குபந்தியில் நிற்கும் முப்பாட்டன்

ஒரு பழைய சாதக நோட்டு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'தாது வருஷம் புரட்டாசி மாதம்' பிறந்த ஆண் குழந்தை என்று எழுதியிருக்கிறது. நட்சத்திரம் இருக்கிறது, ராசிக் கட்டம் இருக்கிறது, ஆங்கில வருஷம் மட்டும் இல்லை. தாது 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1876இல் வந்தது, 1936இல் வந்தது, 1996இல் வந்தது. தாளைப் பார்த்தால் 1996 இல்லை என்று தெரிகிறது. மிச்சம் இரண்டு. பிறந்தவர் முப்பாட்டனா, அல்லது அவருடைய பேரனா? சேலம், நாமக்கல் பக்கத்தில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். அதனால் பெயரும் வழி சொல்லாது.

கட்டத்தைப் பார்ப்போம். 1876 புரட்டாசியில் சனி கும்பத்தில் இருந்தது, குரு விருச்சிகத்தில் இருந்தது. 1936 புரட்டாசியிலும் சனி கும்பத்தில்தான், குரு விருச்சிகத்தில்தான். இது தற்செயல் இல்லை. குரு வானத்தை ஒருமுறை சுற்றிவரக் கிட்டத்தட்ட 12 ஆண்டு ஆகும். சனிக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டு. 60 ஆண்டில் குரு ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்து இரண்டும் புறப்பட்ட இடத்துக்கே பக்கத்தில் வந்து நிற்கும். ஆக, இந்த இரண்டு பெரிய கிரகங்களும் சேர்ந்தே நம்மைக் கைவிடுகின்றன.

ராகு கைவிடாது. ராகு என்பது சந்திரனின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் புள்ளி. அது பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கும். 60 ஆண்டில் மூன்று சுற்று முடித்து, மேலே 80 பாகை போயிருக்கும். 80 பாகை என்றால் இரண்டரை ராசிக்கும் கூடுதல். 1876 புரட்டாசியில் ராகு கும்பத்தில் இருந்தது, 1936 புரட்டாசியில் தனுசில் இருந்தது. சாதகக் கட்டத்தில் 'ரா' என்ற எழுத்து எந்த வீட்டில் இருக்கிறது என்று பார்த்தால் போதும், பாட்டனும் பேரனும் பிரிந்து நிற்பார்கள். சோதிடத்தை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. கட்டம் போட்டவர் பலன் சொன்னது சரியோ தப்போ, கிரகங்கள் நின்ற இடத்தைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்திருக்கிறார். அது வானியல் குறிப்பு. இன்று இலவசமாகக் கிடைக்கும் கணினிப் பஞ்சாங்கத்தில் நட்சத்திரத்தையும் கிழமையையும் சேர்த்துப் பார்த்தால் பிறந்த நாளையே பிடித்துவிடலாம்.

குடும்ப வரலாற்று ஆய்வு என்பது இப்படிப்பட்ட வேலைதான். 'எங்கள் வம்சம் ராசா வம்சம்' என்று சொல்லிக்கொள்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு தகவல் கிடைக்கிறது. அது இரண்டு பேருக்குப் பொருந்துகிறது. இரண்டில் ஒன்றைத் தள்ளக்கூடிய மூன்றாவது தடயம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறோம். தேடும் முறை உலகம் முழுக்க ஒன்று. தேடும் இடம் ஊருக்கு ஊர் வேறு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் இணையப் பயிற்சிக்குள் போகிறவர்கள்தான் பாதியில் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

இணையத்தில் பயிற்சிக்குக் குறைவே இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1894இல் தொடங்கிய வம்சாவளிச் சங்கம் இன்று 'ஃபேமிலிசர்ச்' என்ற பெயரில் பிரம்மாண்டமான இலவசத் தளமாக இருக்கிறது. மார்மன் திருச்சபை நடத்துவது, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். பயிற்சிக் காணொளிகளும், எந்த நாட்டில் எந்தப் பதிவு எங்கே கிடைக்கும் என்று சொல்லும் கலைக்களஞ்சியமும் அதில் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகம் வம்சாவளி ஆய்வுக்கென்றே இணையவழிப் பட்டப்படிப்பு வைத்திருக்கிறது. 2016 முதல் பொதுமக்களுக்காக ஒரு சிறு படிப்பையும் 'ஃபியூச்சர்லேர்ன்' தளத்தில் நடத்தியது. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் 1500 முதல் 1800 வரையிலான கையெழுத்தைப் படிக்க இலவசமாகச் சொல்லித்தருகிறது. இவற்றில் கொஞ்சம் உட்கார்ந்து படித்தால் ஒரு நல்ல ஒழுங்கு மனதில் படியும்.

அமெரிக்காவில் வம்சாவளி ஆய்வாளர்களுக்குச் சான்றளிக்கும் வாரியம் ஒன்று 1964 முதல் இருக்கிறது. அது வகுத்த நிரூபண நெறியில் ஐந்து கூறுகள் உண்டு. நியாயமாகத் தேடக்கூடிய எல்லா இடத்திலும் தேடியிருக்க வேண்டும். எது எங்கே கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிவைக்க வேண்டும். கிடைத்தவற்றை ஒன்றோடொன்று வைத்து எடைபோட வேண்டும். முரண்பாடு வந்தால் அதை ஒளிக்காமல் தீர்க்க வேண்டும். கடைசியாக, முடிவையும் அதற்கு வந்த வழியையும் எழுத்தில் வைக்க வேண்டும். ராகுவை வைத்து நாம் போட்ட கணக்கில் மூன்றாவதும் நான்காவதும் இருந்தன. இந்த ஐந்தும் திருச்செங்கோட்டுக்கும் பொருந்தும், டெக்சஸுக்கும் பொருந்தும்.

அதற்கு அடுத்த பாடத்தில்தான் சிக்கல் வரும். 'முதலில் குடும்பப் பெயரைத் தேடுபெட்டியில் இடுங்கள்' என்பார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்கள் முன்னோர் வீட்டைப் பாருங்கள்' என்பார்கள். இங்கிலாந்தில் 1841 முதல் ஆள் பெயரோடு அந்தத் தாள்கள் இருக்கின்றன. இந்தியாவில் 1871 முதல் ஆட்களை எண்ணினார்கள், கூட்டுத்தொகை அச்சில் வந்தது, பெயர் எழுதிய தாள்களைக் காப்பாற்றி வைக்கவில்லை. 'தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள்' என்பார்கள். சேலத்தில் 1827 முதல் இயங்கிய லண்டன் மிஷன் சபைக் குடும்பங்களுக்கும், அதற்கும் முன்பே வேரூன்றிய கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் அது உதவும். மற்றவர்களுக்கு உதவாது. வடநாட்டுக் குடும்பங்களுக்கு ஹரித்துவாரில் பண்டாக்கள் என்ற தீர்த்தப் புரோகிதர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த வம்சப் பேரேடுகள் இருக்கின்றன. 1970களிலிருந்தே அவற்றை அந்த யூட்டாச் சங்கம் நுண்படம் எடுத்து வந்திருக்கிறது. ராசிபுரத்துக்காரருக்கு அங்கே பெயர் இருக்க வாய்ப்புக் குறைவு.

அப்படியானால் நம் பக்கத்தில் ஆவணமே இல்லையா? ஏராளமாக இருக்கிறது. வேறு பெயரில், வேறு காரணத்துக்காக எழுதப்பட்டு, பீரோவின் அடித்தட்டிலும் பரணிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கிடக்கிறது.

மூலப்பத்திரத்தை எடுங்கள். நிலம் விற்பதற்கும் கடன் வாங்குவதற்கும் மட்டுமே நாம் அதை வெளியில் எடுக்கிறோம். வக்கீல் பார்ப்பது பாத்தியதை. வம்சம் தேடுகிறவர் பார்க்க வேண்டியது ஆட்களை. பழைய கிரயப் பத்திரம் எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவரையும் ஜில்லா, தாலுகா, கிராமம், தகப்பன் பெயர், சாதி, தொழில் வரை சொல்லித்தான் தொடங்கும். சொத்து எப்படி வந்தது என்று அடுத்து வரும். 'பிதுரார்ஜிதம்' என்று இருந்தால் தகப்பன் வழி வந்தது. அவருக்கு அது எந்தப் பத்திரத்தால், எந்த ஆண்டு வந்தது என்றும் இருந்தால் இன்னொரு தலைமுறைக்குப் படி கிடைத்துவிட்டது. 'சுயார்ஜிதம்' என்று இருந்தால் அந்த ஆள் தானே சம்பாதித்து வாங்கியவர், அப்படியானால் விற்றவர் யார் என்று பார்க்க வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் வேறு எதுவும் வேண்டாம். அண்ணன் தம்பிகள், செத்துப்போன ஒருவரின் விதவை, அவர் காப்பாளராக நிற்கும் மைனர் பிள்ளைகள், அவர்கள் வயது, எல்லாம் வரிசையாக நிற்கும். வம்ச மரத்தை ஒரு பத்திர எழுத்தர் நமக்காக எழுதி, அரசாங்க முத்திரை வாங்கி வைத்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி செக்குபந்தி. 'மாரப்பன் காட்டுக்குக் கிழக்கு, இட்டேரிக்கு மேற்கு, செல்லப்பன் கிணற்றுப் பாத்தியத்துக்குத் தெற்கு' என்று தொடங்கி நாலு திசையும் சொல்லும் இடம். அமெரிக்க ஆய்வாளர் எலிசபெத் ஷோன் மில்ஸ் ஒரு நெறியைப் பரப்பியிருக்கிறார்: ஒரு மனிதரைப் பற்றிய பதிவு கிடைக்காவிட்டால் அவருடைய நண்பர், கூட்டாளி, அண்டைவீட்டார் பதிவைத் தேடு. தனி ஆளைத் தேடாதே, கொத்தாகத் தேடு. நம் பத்திரங்களில் அந்தக் கொத்தைத் தேடி அலையவே வேண்டியதில்லை. நாலெல்லையில் நிற்பவர்கள் பெரும்பாலும் பங்காளிகள். ஒரே பூமி முன் ஒரு தலைமுறையில் பாகமானதால்தான் பக்கத்துப் பக்கத்துக் காடு அண்ணன் தம்பி பெயரில் இருக்கிறது. கீழே சாட்சி போட்டவர்களில் ஒருவர் மாமன் மச்சானாக இருப்பார். உங்கள் முப்பாட்டன் பெயரில் ஒரு பத்திரமும் கிடைக்காமல் இருக்கலாம். பக்கத்துக் காட்டுக்காரர் பத்திரத்தின் செக்குபந்தியில் அவர் நின்றுகொண்டிருப்பார், அந்த ஆண்டில் அந்த ஊரில் உயிரோடு இருந்தார் அல்லது அவர் பெயரில் காடு இருந்தது என்பதற்கு அத்தாட்சியாக.

ஆனால் இதைப் படிக்கத் தெரிய வேண்டும். பழைய பத்திரங்களில் புள்ளி வைக்க மாட்டார்கள். குறில் நெடில் வித்தியாசம் கொம்பிலும் காலிலும் தெரியாது. எண்கள் ௧, ௨, ௩ என்று போகும். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, ரூபாய்க்கு ௹, மேற்படிக்கு ௸ என்று குறிகள் வரும். கால், அரைக்கால், மாகாணி என்று பின்னங்களுக்குத் தனிக் குறிகள் உண்டு. பலருக்கு இவை கிறுக்கல் போலத் தெரியும். உண்மையில் இவை அத்தனையும் ஒழுங்கான எழுத்துமுறை. வருஷம், மாதம், ரூபாய்க் குறிகள் யூனிகோடில் முன்பே இருந்தன, பழைய பின்னக் குறிகளுக்கும் 2019இல் தனி இடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மூன்று வாரம் பழகினால் கண் பிடித்துவிடும். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் ஜெர்மன், டச்சு, லத்தீன் என்று பழைய ஐரோப்பியக் கையெழுத்துகளைப் படிக்க ஓர் இணையப் பயிற்சி வைத்திருக்கிறது. நூறாண்டுப் பத்திரத் தமிழைப் படிக்க அப்படி ஒரு பயிற்சியை நாமே உருவாக்கிக்கொண்டால்தான் உண்டு.

ஆண்டுக் கணக்கும் அப்படித்தான். வருவாய்த் துறைக் காகிதங்களில் பசலி என்று இருக்கும். பசலி ஜூலை முதல் தேதி பிறக்கும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு வந்துவிடும். பசலி 1310 என்றால் 1900 ஜூலையில் தொடங்கியது. செப்பேடுகளில் சாலிவாகன சகாப்தம் வரும். அதற்கு 78 கூட்ட வேண்டும்.

எந்த அலுவலகத்தில் தேடுவது என்பதும் ஒரு பாடம். சேலம், நாமக்கல் சமவெளி 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி கைக்குப் போனது. கலெக்டராக வந்த அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் மற்றவர்களும் நிலத்தை வயல் வயலாக அளந்தார்கள். ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போடப்பட்டது இந்த மண்ணில்தான். அந்தக் காலத்துக் கடிதங்களும் அறிக்கைகளும் 'பாராமகால் ஆவணங்கள்' என்று பின்னால் அச்சாகின. ஆனால் 1802 வாக்கில் சேலத்தின் பல கிராமங்கள் மிட்டாக்கள் என்ற சிறு ஜமீன்களாகப் பிரித்து ஏலம் விடப்பட்டன. உங்கள் ஊர் சர்க்காருக்கு நேரடியாக வரி கட்டிய அயன் கிராமமாக இருந்தால் குடியானவர் பெயர் சர்க்கார் பதிவேட்டில் இருக்கும். மிட்டாவாக இருந்தால் அது மிட்டாதாரர் கணக்கில் இருந்திருக்கும். 1948இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து நிலவரித் திட்டம் செய்த பிறகுதான் சர்க்கார் பதிவேட்டுக்கு வரும். ஊரின் இந்தப் பழைய சாதியை முதலில் தெரிந்துகொள்ளாமல் தாலுகா அலுவலகத்தில் போய் நின்றால் கால்தான் வலிக்கும்.

மாவட்ட எல்லையும் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. நாமக்கல் தாலுகா 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சில காலம் திருச்சி ஜில்லாவில் இருந்தது. அந்த ஆண்டுகளின் பத்திரத்தில் 'திருச்சினாப்பள்ளி ஜில்லா நாமக்கல் தாலுகா' என்று பார்த்துவிட்டு, இது வேறு குடும்பம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. தருமபுரி 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது. நாமக்கல் மாவட்டம் 1996 ஜூலை 25இல் அறிவிக்கப்பட்டு 1997 ஜனவரி முதல் தேதி இயங்கத் தொடங்கியது. அதுவும் ஒரு தாது வருஷம்தான்.

ஆண் வழிப் பதிவுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பெண்கள் எங்கே? பத்திரத்தில் அவர்கள் 'இன்னார் மனைவி', 'இன்னார் விதவை' என்று வந்து போகிறார்கள். பிறந்த ஊர் இருக்காது. பிறப்புப் பதிவேட்டில் பல குழந்தைகளுக்குப் பெயரே இருக்காது, பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவார்கள். இந்த இடத்தில் மேல்நாட்டுப் பயிற்சி எதிலும் சொல்லித்தராத ஓர் ஆவணம் நமக்கு இருக்கிறது. மொய் நோட்டு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் யார் எந்த ஊரிலிருந்து வந்து எவ்வளவு வைத்தார்கள் என்று எழுதியது. அதைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதால் அடுத்த தலைமுறை வரை பத்திரமாக வைத்திருப்பார்கள். ஊர்ப் பெயரோடு நூற்றுக்கணக்கான ஆட்கள். தாய்மாமன் சீர் என்று முதலில் எழுதியிருக்கும் பெயரும் ஊரும்தான் அந்த வீட்டு அம்மாவின் பிறந்த வீடு. அம்மாயி எந்த ஊர்ப் பெண் என்பதை எந்தச் சர்க்கார் பதிவேடும் சொல்லாதபோது மகள் கல்யாணத்து மொய் நோட்டு சொல்லிவிடும். இரண்டு வீட்டு நோட்டை எதிரெதிரே வைத்தால் யார் யாரோடு எந்த ஆண்டு வரை கொண்டு கொடுத்து இருந்தார்கள் என்பதும், எப்போது பேச்சு நின்றது என்பதும் கூடத் தெரியும். மொய் நோட்டுகளைத் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள்.

குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு இன்னொன்று. கொங்கு வேளாளரில் கூட்டம், மற்றவர்களில் குலம், வகையறா என்று பெயர் எதுவானாலும் ஒரு கோயிலுக்கு வரி கொடுக்கும் குடும்பங்கள் ஒரு பங்காளி வட்டம். பிழைப்புக்காகக் கரூருக்கோ பெங்களூருக்கோ போனவர்களும் வரி அனுப்பிக்கொண்டிருப்பார்கள். காணி ஊர் எது என்று தெரிந்தால் ஒரு குடும்பம் அதற்கு முன் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஒரு திசை கிடைக்கும். திருச்செங்கோட்டு முத்துசாமிக் கோனார் போன்றவர்கள் நூறாண்டுக்கு முன்பே கொங்கு வரலாற்றுக்காகச் செப்பேடும் சுவடியும் தேடி அலைந்திருக்கிறார்கள். ஈரோட்டுப் புலவர் செ. இராசு கொங்குச் சமூகங்களின் செப்பேடுகளையும் பட்டயங்களையும் தேடித் தொகுத்துப் பதிப்பித்தார். இவர்கள் உழைப்பு இல்லாவிட்டால் பாதிக் கதை காற்றில் போயிருக்கும்.

நிலம் இல்லாதவர்களுக்கு? பத்திரம் இல்லை, பட்டா இல்லை, செப்பேட்டில் இடம் இல்லை. அவர்கள் வரலாறு தொலைந்தே போனதா? இங்கேதான் என்னை அதிரவைத்த ஒரு பதிவு இருக்கிறது.

1876இல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். 1871 கணக்கெடுப்பில் பழைய சேலம் ஜில்லாவில் 19 லட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள். 1881இல் 16 லட்சத்துக்கும் கீழே. பத்து ஆண்டில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது அந்த எண்ணிக்கை. செத்தவர்கள் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஊரை விட்டுக் கப்பல் ஏறியவர்கள் பெயர் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் 'ட்ரூரோ' சென்னையிலிருந்து போய் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். வட ஆற்காடு, சேலம் போன்ற ஜில்லாக்களிலிருந்து போனவர்கள் அதில் நிறைய. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது. இன்று அதுவே அந்த ஏழைகளின் வம்சத்துக்கு ஒரே சாட்சி. ஊரில் தங்கிய நூறு ஏக்கர்க்காரருக்கு 1880இல் என்ன உயரம், எங்கே தழும்பு என்று இன்று யாருக்கும் தெரியாது. காணி நிலம் இல்லாமல் கப்பலேறிய கூலியின் உயரமும் தழும்பும் தெரியும்.

இந்தக் கப்பல் பட்டியல்களைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். டர்பன்காரர் ஒருவர் தன் பாட்டனின் எண்ணைக் கண்டுபிடித்து, சேலம் ஜில்லா என்றும் ஒரு கிராமப் பெயர் என்றும் பார்த்துவிட்டு, அந்தக் கிராமம் எது என்று தெரியாமல் நிற்கிறார். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர் அது. முனுசாமி அங்கே 'மூன்சாமி' என்று குடும்பப் பெயராகிவிட்டது. அந்த ஊர்ப் பெயரை உரக்கப் படித்தால் நம் ஊர்க்காரருக்கு உடனே தெரிந்துவிடும். அவரிடம் பட்டியல் இருக்கிறது, நம்மிடம் காது இருக்கிறது. மொரீசியஸில் மகாத்மா காந்தி நிறுவனத்திலும் இப்படிக் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன. அயலகத் தமிழ் இளைஞர்களைத் தமிழ்நாட்டுக்கு அழைத்துவர நம் அரசு 'வேர்களைத் தேடி' என்ற திட்டம் வைத்திருக்கிறது. அவர்களுக்குக் கோயிலும் கடற்கரையும் காட்டுவதோடு, பாட்டன் ஊரைக் கண்டுபிடித்துத் தர நாலு பேர் பயிற்சி பெற்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வாய்மொழியை நம்பலாமா என்று கேட்பார்கள். நம்பாமலும் இருக்கக் கூடாது, அப்படியே எழுதியும் விடக் கூடாது. அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்', தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்று நாம் படித்த நூல், 1976இல் வந்து உலகம் முழுக்க வம்சம் தேடும் ஆர்வத்தைக் கிளப்பியது. காம்பியாவில் ஒரு கதைசொல்லி அவருடைய மூதாதையைப் பற்றிச் சொன்னது அதன் உயிர்நாடி. வந்தவர் எதைத் தேடி வந்திருக்கிறார் என்பது கதைசொல்லிக்கு முன்பே தெரிந்திருந்தது என்று பின்னர் வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டினார்கள். பாடம் இதுதான்: அப்பாருவிடம் 'நாம தாரமங்கலத்திலிருந்துதானே வந்தோம்?' என்று கேட்கக் கூடாது. 'நம்ம ஆளுங்க இங்க வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்தாங்க?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கொல்லிமலை மலையாளிகள் தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள், மலைக்கு ஒருவராகப் பிரிந்தார்கள் என்று சொல்வார்கள். இதற்குப் பத்திரம் கேட்பது முட்டாள்தனம். அந்த மலைகளின் மக்கள் தங்களை ஒரே இரத்தமாகக் கருதினார்கள் என்பதற்கு அந்தக் கதையே சான்று. வருஷத்துக்கு அது சான்றாகாது.

இனி ஒரு கணக்கு. தாய் தகப்பன் 2, பாட்டன் பாட்டி 4, அடுத்து 8. இருபது தலைமுறை போனால் பத்து லட்சத்தைத் தாண்டும். முப்பது தலைமுறையில் நூறு கோடியைத் தாண்டும். ஏறக்குறைய 800 ஆண்டுக்கு முன் உலகத்திலேயே அவ்வளவு பேர் இல்லை. எங்கே போனார்கள்? ஒரே ஆள் பல இடத்தில் மூதாதையாக நிற்கிறார், அதுதான் விடை. நம் பக்கத்தில் அது சீக்கிரமே தொடங்கிவிடும். மாமன் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்குக் கொள்ளுப்பாட்டன் பாட்டிகள் எட்டுப் பேர் இல்லை, ஆறு பேர்தான். அப்பாவைப் பெற்ற அப்பத்தாவும், அம்மாவைப் பெற்ற அப்புச்சியும் உடன்பிறந்தவர்கள் என்பதால் அவர்களுடைய தாய் தகப்பன் இரண்டு பக்கமும் வருகிறார்கள். அக்காள் மகளைக் கட்டியிருந்தால் அப்பாவின் பெற்றோரே அம்மாவுக்குப் பாட்டன் பாட்டி. மேல்நாட்டு மென்பொருளில் இதை ஏற்றும்போது திரையில் கிளைகள் ஒன்றோடொன்று பின்னி, மரம் வலையாகிவிடும். தவறு செய்துவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம். நம் குடும்பத்தின் உண்மையான வடிவம் அதுதான். மரபணு ஆய்வாளர்கள் குமாரசாமி தங்கராஜ், டேவிட் ரைக் குழுவினர் இந்தியச் சமூகங்கள் பலவற்றில் ஒரு சிறு முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகிய தடயத்தைக் கண்டிருக்கிறார்கள். சில பரம்பரை நோய்கள் குறிப்பிட்ட சமூகங்களில் அதிகம் வருவதற்கு அது காரணம். ஆக, வம்சக் குறிப்பில் யார் என்ன நோயில், எத்தனை வயதில் இறந்தார் என்று எழுதிவைப்பது பேரப்பிள்ளைகளுக்கு மருத்துவ உதவி.

அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. ஒரு மூதாதையைப் பிடித்துக்கொண்டு பெருமை பேசுகிறவர், அதே தலைமுறையில் தனக்கிருந்த மற்ற நூற்றுக்கணக்கான முன்னோரை மறந்துவிட்டுப் பேசுகிறார். சாதிப் பெருமைக்காகத் தொடங்கும் வம்ச ஆய்வு சீக்கிரமே பொய்யில் முடியும். பட்டயங்களிலேயே போலிப் பட்டயங்கள் உண்டு என்பதைக் கல்வெட்டு அறிஞர்கள் நன்றாக அறிவார்கள். தத்து எடுத்த பிள்ளை, இரண்டாம் தாரம், வேறு சாதியில் கட்டிக்கொண்டு போன அத்தை, எல்லோரையும் அந்த வலையில் வைத்தால்தான் அது ஆய்வு. உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் தாயின் ஊரையும் இணையத்தில் பொதுவில் போடாமல் இருப்பது இன்னொரு கடமை. தாளில் எழுதுங்கள், தளத்தில் மறைத்து வையுங்கள்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு வீடு ஒரு தேடல் நடந்தது. இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். பாகம் எண் மாறியிருந்தது, தெருப் பெயர் மாறியிருந்தது, தகப்பன் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. இருபது ஆண்டுப் பழைய தாளில் பெற்றோரைக் கண்டுபிடிக்கவே இவ்வளவு பாடு என்றால், இந்தத் திறமை எல்லோருக்கும் வேண்டிய அடிப்படைப் படிப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னையில் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது, அதன் மின்னூலகத்தில் பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் தமிழ்நாட்டு வீடுகளில் கிடந்த பழைய வேளாண் பத்திரங்களையும் ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புகளையும் படமெடுத்து, அழியும் ஆவணங்களுக்கான பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். பாடத்துக்கு வேண்டிய மாதிரித் தாள்கள் கையில் இருக்கின்றன. பத்திரத் தமிழ் படிப்பது, தமிழ் வருஷத்தையும் பசலியையும் மாற்றுவது, அயன் கிராமம் மிட்டா கிராமம் பிரித்தறிவது, வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுப்பது, கேள்வி கேட்பது எப்படி என்பது, இவற்றைப் பத்துப் பன்னிரண்டு காணொளிகளில் தமிழில் சொல்லித்தர ஒரு துறையும் சில ஆசிரியர்களும் போதும். அவர்கள் அதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் மிக வயதான பெண் யாரோ, அவரிடம் போய் உட்காருங்கள். கைப்பேசியில் பதிவை ஓடவிடுங்கள். அவர் பிறந்த ஊர், அவருடைய அம்மா பிறந்த ஊர், அவர் கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவந்தவர் யார், இந்த மூன்றையும் கேளுங்கள். பிறகு மூலப்பத்திரத்தை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து, தேதியும் எடுத்த இடமும் எழுதிவையுங்கள். மரம் வரைவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.